எந்த மாடம்பாக்கம்? ஊர்ப்பெயர்களும் இணைய முகவரியின் கடைசிச் சொல்லும்

இன்னைக்கு எபிசோடை ஒரு டெலிவரி கதையோட ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு ராத்திரி, மணி எட்டரை இருக்கும். அப்பாவுக்கு இன்சுலின் ஆர்டர் பண்ணியிருந்தேன். ஆப்ல ஆள் வந்துட்டாருன்னு காட்டுது. வாசல்ல போய்ப் பார்த்தா யாரும் இல்லை. ஃபோன் பண்ணேன்.

"அண்ணா, மாடம்பாக்கம் வந்துட்டேன். வெளிய வாங்கண்ணா."

"தம்பி, நான் வெளியதான் நிக்கிறேன். தேனுபுரீஸ்வரர் கோயில் தெரியுதா?"

"கோயிலா? நான் ஆதனூர் போற ரோட்ல நிக்கிறேண்ணா."

அப்பவே புரிஞ்சிடுச்சு. எங்க ஏரியாக்காரங்களுக்கு இது பழகின கதை. மாடம்பாக்கம் ரெண்டு இருக்கு. ஒண்ணு நாங்க இருக்கிறது, தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் தாண்டி. இன்னொண்ணு கூடுவாஞ்சேரி பக்கம், ஆதனூரை ஒட்டி. ரெண்டும் செங்கல்பட்டு மாவட்டம்தான். பெயர்ல ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

அந்தத் தம்பிக்கு அடுத்த ஆர்டர் காத்திருக்கு. அவரைத் திட்டி என்ன பண்றது? வண்டியை எடுத்துக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்ல வண்டலூர் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஐஸ் பேக் தண்ணியா ஆகியிருந்துச்சு. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்கோடு போட்டியாடா?"

போட்டிருந்தேன். எங்களுக்கு 600126, அவங்களுக்கு 603202. ஆனா அந்த ஆப் பெயரை மட்டும் பார்த்து மேப்ல ஒரு புள்ளியைப் பிடிச்சிருக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. வேலை நிமித்தமா டிஎன்எஸ் பக்கம் கொஞ்சம் பழக்கம் உள்ளவன் நான். அதனால யோசனை அங்க போச்சு. தபாலுக்கு ஒரு பின்கோடு இருக்கு. இணையத்துல பெயருக்குப் பின்னாடி எந்தப் பின்கோடும் கிடையாது. அங்க ஒரு பெயர்னா ஒண்ணே ஒண்ணுதான். அப்போ ஒரு ஊரோட பெயரை இணைய முகவரியோட கடைசியில வைக்கணும்னா, அதை யாருக்குக் கொடுக்கிறதுன்னு யார் முடிவு பண்றாங்க? எப்படி முடிவு பண்றாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு சின்ன அடிப்படை. ஒரு வெப்சைட் முகவரியில கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்றதுதான் டொமைன் முடிவு. டாட் காம், டாட் இன், டாட் ஆர்க் இதெல்லாம். புள்ளிக்கு இடது பக்கம் ஒரு பெயர் வாங்கிறது சுலபம். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டினா, யாரும் எடுக்காத பெயர் உங்களுக்குக் கிடைக்கும். ஊர்ப்பெயரா இருந்தாலும் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. முந்தினவருக்கு முதல் மரியாதை.

வலது பக்கம் அப்படி இல்லை. அது உலகத்துக்கே பொதுவான ஒரு பட்டியல். அதுக்கு ரூட்னு பெயர். இன்னைக்கு அதுல 1,400-க்கும் மேல முடிவுகள் இருக்கு. அந்தப் பட்டியலை நிர்வகிக்கிறது கலிஃபோர்னியாவுல இருக்கிற ஐகேன் என்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு. 2012-ல் "புது முடிவு வேணும்கிறவங்க விண்ணப்பிக்கலாம்"னு கதவைத் திறந்தாங்க. கட்டணம் 1,85,000 டாலர். அந்தக் கட்டணத்துக்கும் 1,930 விண்ணப்பம் வந்தது. அதுல 66 விண்ணப்பத்தை, போட்டவங்களே "இது ஊர்ப்பெயர்"னு குறிச்சுக் கொடுத்திருந்தாங்க. லண்டன், பெர்லின், பாரிஸ், டோக்கியோ, இஸ்தான்புல், கேப்டவுன் எல்லாம் இப்படி உள்ளே வந்தவை. இந்திய நகரம் ஒண்ணுகூட இல்லை. சென்னையும் இல்லை, மும்பையும் இல்லை.

அடுத்த சுற்றுக்கு ஐகேன் அறிவிச்சிருக்கிற தேதி 2026 ஏப்ரல் 30. இந்த முறை கட்டணம் 2,27,000 டாலர். நம்ம பணத்துல ஏறக்குறைய ரெண்டு கோடி. அதனாலதான் இந்தக் கேள்வியை இப்போ கேட்கிறது முக்கியம்.

சரி, ஒருத்தர் ரெண்டு கோடி கட்டி ஒரு ஊர்ப்பெயரைக் கேட்கிறார்னு வெச்சுக்குவோம். என்ன நடக்கும்? ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்கிறதுக்குன்னே ஒரு குழு இருக்கு. அவங்க கையில பெரிய வரலாற்றுப் புத்தகமெல்லாம் இருக்கும்னு நான் நினைச்சேன். அப்படி இல்லை. 2012 கையேட்டைப் படிச்சா, அவங்க பார்க்கிறது ரெண்டே விஷயம்தான். பெயர் எந்தப் பட்டியல்ல இருக்கு? அதுக்கு யாரோட கடிதம் வேணும்?

பட்டியல்களை நம்ம ஊர்ப் பெயர்களை வெச்சே பார்ப்போம்.

முதல் வகை, நாட்டின் பெயர். இந்தியா, இலங்கை மாதிரி. இந்த வழியில யாரும் கேட்கவே முடியாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடையாது. ரெண்டெழுத்து முடிவுகளும் அப்படித்தான், அது நாடுகளுக்கே ஒதுக்கினது.

ரெண்டாவது, நாட்டின் தலைநகரம். புது டெல்லியை நீங்க எந்த மொழியில எழுதிக் கேட்டாலும் சரி, சம்பந்தப்பட்ட அரசோட சம்மதக் கடிதம் வேணும். "ஆதரிக்கிறோம்"னு இருக்கலாம், குறைஞ்சபட்சம் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை"ன்னாவது இருக்கணும்.

மூணாவது, மாநிலம், மாகாணம் மாதிரியான உட்பிரிவுகள். இதுக்கு ஐஎஸ்ஓ 3166-ன் ரெண்டாம் பகுதின்னு ஒரு சர்வதேசப் பட்டியல் இருக்கு. அதுல இந்தியாவுக்கு மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இருக்கு. பெயர் அந்தப் பட்டியலோட அப்படியே பொருந்தினா கடிதம் கட்டாயம். நீங்க என்ன நோக்கத்துக்குக் கேட்கிறீங்க என்பது கணக்கே இல்லை.

நாலாவது, மத்த நகரங்கள். இங்கதான் ஒரு வளைவு இருக்கு. விண்ணப்பிக்கிறவர் "அந்த நகரத்துக்காகத்தான் பயன்படுத்தப்போறேன்"னு சொன்னா மட்டும்தான் கடிதம் வேணும். "இது என் பிராண்ட் பெயர், ஊருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை"ன்னு சொன்னா, அந்தக் குழுவைப் பொறுத்தவரை கடிதம் தேவையில்லை.

அஞ்சாவது, கண்டங்களும் பெரிய வட்டாரங்களும். அதுக்கு அந்தப் பகுதியில இருக்கிற நாடுகளில் குறைஞ்சது 60 சதவீத அரசுகளோட ஆதரவு வேணும். எழுத்துல வர்ற எதிர்ப்பு ஒண்ணுக்கு மேல இருக்கக்கூடாது.

இப்போ இதை நம்ம பக்கம் பொருத்திப் பாருங்க. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதனால பட்டியல்ல இருக்கு. யார் எதுக்குக் கேட்டாலும் அரசு கையெழுத்து இல்லாம நகராது. சென்னை அந்தப் பட்டியல்ல இல்லை. நாளைக்கு ஒரு கம்பெனி "சென்னை என்பது எங்க துணிக்கடை பிராண்ட்"னு வந்தா, சட்டை பட்டனைக் கழட்டிட்டு சண்டைக்குப் போகலாம், ஆனா ஊர்ப்பெயர்க் குழுவோட விதியில தடுக்கிறதுக்கு இடம் குறைவு. சென்னையைவிடப் பல மடங்கு சின்ன ஊருக்குப் பூட்டு இருக்கு, சென்னைக்கு இல்லை.

இதெல்லாம் வெறும் கற்பனைன்னு நினைக்காதீங்க. 2012 சுற்றிலேயே ரெண்டு பெரிய கேஸ் நடந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாதான் இந்த முறையோட குணம் தெரியும்.

முதல் கேஸ், டாட் டாடா. ஆமா, நம்ம டாடாதான். சொல்லிப் பார்த்தா நாக்கு தடுக்குது, இல்லையா? டாடா குழுமம் 1868-ல் தொடங்கினது. உப்புலேருந்து பஸ் வரைக்கும் அந்தப் பெயரைப் பார்க்காத இந்தியர் கிடையாது. அவங்க தங்களோட சொந்தப் பெயரைக் கேட்டாங்க. குழு ஐஎஸ்ஓ பட்டியலைத் திறந்து பார்த்தது. மொராக்கோவோட தெற்குப் பகுதியில டாடான்னு ஒரு மாகாணம் இருக்கு. பட்டியல்ல அப்படியே அந்தப் பெயர். "மொராக்கோ அரசோட சம்மதம் எங்கே?" என்ற கேள்வி வந்தது. விண்ணப்பம் அந்த மதிப்பீட்டைத் தாண்டலை. இன்னைக்கு ரூட் பட்டியலை எடுத்துப் பார்த்தீங்கன்னா டாட் டாடாமோட்டார்ஸ் இருக்கும். டாட் டாடா இருக்காது.

ரெண்டாவது கேஸ், டாட் அமேசான். கம்பெனி கேட்டது. பிரேசிலும் பெருவும் "அது எங்க நதி, எங்க காடு"ன்னு எதிர்த்தாங்க. ஆனா பட்டியலைப் பார்த்தா, பிரேசில்ல ஒரு மாநிலம் இருக்கு, அதோட பெயர் அமேசோனாஸ். பெருவுலயும் அதே பெயர்ல ஒரு பகுதி இருக்கு. அமேசோனாஸ் பட்டியல்ல உண்டு, அமேசான் கிடையாது. கடைசியில ரெண்டு ஆங்கில எழுத்து வித்தியாசம். அப்படியே பொருந்தணும்கிறது விதி, அதனால குழுவைப் பொறுத்தவரை இது ஊர்ப்பெயர் இல்லை.

அரசுகள் வேற வழியில போனாங்க. ஐகேனுக்கு ஆலோசனை சொல்ற அரசுகளோட குழு ஒண்ணு இருக்கு. அது 2013 ஜூலையில தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துல கூடி, இந்த விண்ணப்பம் முன்னே போகக்கூடாதுன்னு ஒருமிச்சுச் சொன்னது. 2014 மே மாதம் ஐகேன் விண்ணப்பத்தை நிறுத்தியது. கம்பெனி விடலை. சுயாதீன மறுஆய்வுக் குழு 2017-ல் கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது. அப்புறம் அமேசான் படுகையில இருக்கிற எட்டு நாடுகளோட பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு. ஒத்துவரலை. 2020-ல் டாட் அமேசான் ரூட்டுக்குள்ள வந்துடுச்சு, கம்பெனி கையில.

உலகத்துலயே பெரிய மழைக்காட்டோட பெயர் ஒரு கம்பெனிக்குப் போச்சு. நம்மில் பலர் கேள்வியே பட்டிராத ஒரு பாலைவன மாகாணம், நூறு வருஷத்துக்கு மேல பழைய ஒரு பெரிய குழுமத்தை நிறுத்தி வெச்சது. பெயர் எவ்வளவு பெருசு, எவ்வளவு பழசு, அங்க எத்தனை பேர் வாழறாங்க, இதையெல்லாம் மதிப்பீடு கேட்கிறதே இல்லை. பட்டியல்ல இருக்கா, யார் கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான்.

முதல்ல இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம் வந்தது. என்னடா இது, எக்செல் ஷீட் பார்த்து ஊரை முடிவு பண்றாங்கன்னு. அப்புறம் அதுக்குப் பின்னாடி இருக்கிற காரணத்தைப் பார்த்தேன். 1994-ல் ஜான் போஸ்டல்னு ஒருத்தர், இணையப் பெயர்களை ஆரம்ப காலத்துல கவனிச்சுக்கிட்டவர், ஒரு ஆவணம் எழுதினார். எது நாடு, எது நாடு இல்லைன்னு தீர்ப்பு சொல்றது எங்க வேலை இல்லை, அதனால ஏற்கெனவே இருக்கிற ஐஎஸ்ஓ பட்டியலை எடுத்துக்கிறோம்னு அதுல தெளிவாச் சொன்னார். யோசிச்சுப் பாருங்க, அது அடக்கம்தான். கலிஃபோர்னியாவுல உட்கார்ந்திருக்கிற ஒரு இன்ஜினியர் காஷ்மீர் யாருது, தைவான் யாருதுன்னு முடிவு பண்ணா நல்லா இருக்குமா? அதுக்குப் பட்டியல் மேல்.

கோட் எழுதற ஆளா எனக்கு இது புரியுது. நம்மளும் இதைத்தானே பண்றோம்? ஊர் டிராப் டவுன் வேணும்னா, எவனோ எப்பவோ போட்ட ஒரு பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டிடுவோம். அன்னைக்கு அந்த டெலிவரி ஆப்ல மாடம்பாக்கத்தை ஒரே புள்ளியா வெச்சவரும் என்னை மாதிரி ஒரு ஆளாத்தான் இருப்பார்.

பட்டியல்ல இருந்தாலும் சிக்கல் தீர்ந்திடாது. அடுத்தது கடிதம். பஞ்சாப்பை எடுத்துக்கோங்க. இந்தியாவுல ஒரு மாநிலம், பாகிஸ்தான்ல ஒரு மாகாணம், ரெண்டும் ஐஎஸ்ஓ பட்டியல்ல இருக்கு. ஒரு பெயருக்குச் சம்பந்தப்பட்ட அரசு ஒண்ணுக்கு மேல இருந்தா எல்லார்கிட்டயும் கடிதம் வேணும்னு விதி. டாட் பஞ்சாப் வேணும்கிற ஆள் லாகூருக்கும் போகணும், சண்டிகருக்கும் போகணும். நான் சொன்ன ரெண்டு மாடம்பாக்கம் பிரச்சினையோட பெரிய சைஸ் இது.

கொடுத்த கடிதம் அப்படியே நிக்கும்னும் இல்லை. டாட் ஆப்பிரிக்காவுக்கு ஒரு அமைப்பு 2009-ல் ஆப்பிரிக்க ஒன்றியத்தோட ஆதரவுக் கடிதம் வாங்கியது. 2010-ல் ஒன்றியம் அதைத் திரும்ப எடுத்துக்கிட்டது. பிறகு வேறொரு அமைப்பை ஆதரிச்சது. மறுஆய்வு, கோர்ட்டுன்னு சுத்தி, 2017-ல்தான் டாட் ஆப்பிரிக்கா வந்தது. அதனாலதான் குழு கடிதத்தை வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிறது இல்லை. உண்மையானதா, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கா, என்ன பெயருக்கு, எதுக்காகக் கேட்கிறாங்கன்னு புரிஞ்சுதான் கொடுத்தாங்களான்னு விசாரிக்கும். கடிதம் சரியில்லைன்னா வாங்கிட்டு வர அவகாசம் உண்டு. ஆனா கொடுத்தே ஆகணும்னு எந்த அரசுக்கும் கட்டாயம் இல்லை.

இப்போ எங்க ஊருக்கு வருவோம். மாடம்பாக்கம் நாட்டின் பெயர் இல்லை. தலைநகரம் இல்லை. ஐஎஸ்ஓ பட்டியல்ல இல்லை. நகரமும் இல்லை. 2021 நவம்பர் வரைக்கும் பேரூராட்சியா இருந்தது. அப்போ அஞ்சு நகராட்சியையும் அஞ்சு பேரூராட்சியையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை உருவாக்கினாங்க, அதுல நாங்க ஒரு பகுதியாயிட்டோம். அதாவது, ஒரு ஊரா எங்களுக்காகக் கையெழுத்துப் போட இருந்த ஒரு அலுவலகமும் இப்போ தனியா இல்லை. விதிப்படி பார்த்தா, யாராவது ரெண்டு கோடி கட்டி எங்க ஊர்ப் பெயரைப் பிராண்டுன்னு கேட்டா, அந்தக் குழு யார்கிட்டயும் கடிதம் கேட்காது. ஆயிரம் வருஷப் பழமையான சோழர் காலக் கோயில் இருக்கிற ஊர். ஆனா அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அது வெறும் எழுத்துக்கள்.

நடக்குமா? நடக்காதுன்னுதான் நினைக்கிறேன். எவன் ரெண்டு கோடி கட்டுவான்? ஆனா நம்ம ஊர்கள்ல எத்தனை பெயர் பிராண்டா மாறியிருக்குன்னு எண்ணிப் பாருங்க. சேலை, மல்லி, அல்வா, பூட்டு, கடலைமிட்டாய் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஊர் நிக்குது. அதுல எதுவும் அந்த ஐஎஸ்ஓ பட்டியல்ல இல்லை.

அப்போ பட்டியலுக்கு வெளிய இருக்கிற ஊருக்கு வழியே இல்லையா? இருக்கு, ஆனா அது தானா நடக்காது. விண்ணப்பங்கள் வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு காலம் உண்டு. அதுக்குக் கட்டணம் இல்லை, நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். அந்தப் பெயரோட நெருங்கிய தொடர்பு இருக்கிற ஒரு அமைப்பு முறையா ஆட்சேபணை போடலாம். அரசுகள் முன்னெச்சரிக்கை கொடுக்கலாம். இந்தியா இதைச் செஞ்சிருக்கு. 2012 சுற்றுல ரிலையன்ஸ் நிறுவனம் டாட் இந்தியன்ஸ் கேட்டது. அந்தச் சொல் எந்த ஊர்ப்பெயர்ப் பட்டியல்லயும் வராது. ஆனா இந்திய அரசு இது முன்னே போக வேண்டாம்னு கவலை தெரிவிச்சது, டர்பன் கூட்டத்தோட அறிக்கையில அது பதிவாச்சு. இன்னைக்கு ரூட்ல அந்த முடிவு இல்லை. பட்டியல் பேசாத இடத்துல ஒரு ஆள் பேசினார், அதான் விஷயம்.

இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். ரூட்ல இன்னைக்குத் தமிழ் எழுத்துல இருக்கிற முடிவுகள் எத்தனை தெரியுமா? மூணு. புள்ளி இலங்கை, புள்ளி இந்தியா, புள்ளி சிங்கப்பூர். மூணுமே இடப்பெயர். 2010, 2011-ல் வந்தவை. இவை ரெண்டு கோடி வழியில வரலை. நாடுகள் தங்களோட சொந்த எழுத்துல பெயர் கேட்கலாம்னு ஐகேன் 2009 நவம்பர்ல ஒரு தனி வழி திறந்தது. நாட்டின் பெயரை அங்கே வழங்குகிற மொழியில எழுதினதா இருக்கணும், அரசோட ஆதரவு இருக்கணும், மத்த பெயரோட குழப்பம் வரக்கூடாது. மூணு நாட்டுக்காரங்களும் கேட்டாங்க, கிடைச்சது. புள்ளி தமிழ்நாடு, புள்ளி சென்னை எல்லாம் இல்லாததுக்குக் காரணம் யாரும் மறுத்தது இல்லை. யாரும் கேட்டு வாங்கலை.

சரி, எனக்குப் புள்ளி மாடம்பாக்கம் வேணுமா? சத்தியமா வேண்டாம். ரெண்டு கோடி இருந்தா முதல்ல எங்க ஏரியாவுல மழைநீர் வடிகாலைச் சரி பண்ணச் சொல்லுவேன். அதோட, அந்தப் பெயரை நாங்க வாங்கினா கூடுவாஞ்சேரி பக்கத்து மாடம்பாக்கக்காரங்க என்ன பண்ணுவாங்க? அவங்க ஊரும் அதே பெயர்தானே. அந்த ராத்திரி என் பொட்டலத்தைக் கையில வெச்சுக்கிட்டு, டெலிவரி தம்பி போனதுக்கு அப்புறமும் நான் வர்ற வரைக்கும் காத்திருந்தது அங்க இருந்த ஒரு பெட்டிக்கடை அக்கா. "அடிக்கடி இப்படித்தான் தம்பி, எங்களுது உங்க பக்கம் வந்துடும், உங்களுது இங்க வந்துடும்"னாங்க. ஃபிரிட்ஜ்ல வெச்சுத் தரட்டுமான்னு வேற கேட்டிருக்காங்க, டெலிவரி தம்பிக்கு அது மருந்துன்னு தெரியலை.

நான் கேட்கிறது சின்ன விஷயம்தான். அடுத்த சுற்று விண்ணப்பங்கள் வெளியாகும்போது ஒரு பத்து நிமிஷம் அந்தப் பட்டியலைப் பாருங்க. உங்க ஊர்ப் பெயரோ, உங்க தாத்தா ஊர்ப் பெயரோ இருந்தா, கருத்துக் காலம் முடியறதுக்குள்ள ரெண்டு வரி எழுதுங்க. நீங்க ஆப் எழுதுற ஆளா இருந்தா, தயவுசெஞ்சு ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீங்க. பின்கோடையும் பாருங்க.

உங்க ஊருக்கும் இப்படி ஒரு இரட்டை ஊர் இருந்தா எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன். அப்பா நல்லா இருக்கார். இப்போ அவரே முகவரியை டைப் பண்றார். "மாடம்பாக்கம், தாம்பரம் கிழக்கு, கூடுவாஞ்சேரி இல்லை"ன்னு. அந்த 'இல்லை'யையும் சேர்த்துத்தான். அடுத்த வாரம் பார்ப்போம்.